விட்சண்டே தீவுகளில் பாய்மரப் படகு விடுமுறை: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையில், ஏர்லி பீச் ஊருக்கு எதிரே 74 தீவுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் குடியிருப்பே கிடையாது. இங்கே படகை மட்டும் வாடகைக்கு எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு, ஐந்தாறு நாள் தீவு தீவாகத் தங்கலாம். இதை ‘பேர்போட்’ என்பார்கள். இதற்குப் படகு உரிமம் கேட்பதில்லை என்பதால் புதியவர்கள் நிறைய பேர் துணிந்து வருகிறார்கள்.

நண்பர்களின் குடும்பங்களுக்கு இந்தப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுத்தும், சில முறை கூடவே போயும் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. தடுமாறுகிறவர்கள் தடுமாறுவது கடலில் இல்லை, திட்டத்தின் வரிசையில்தான். முதலில் கடற்கரைப் பட்டியல், அடுத்து விமானம், கடைசியில் படகு என்று போகிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் காற்று, பிறகு ஆட்கள், பிறகு படகு, விமானம், அப்புறம் இரவில் நிற்கும் இடம். எதைப் பார்ப்பது என்பது அதற்கும் பிறகுதான்.

1. மாதம்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். 2017 மார்ச் 28 அன்று டெபி புயல் ஏர்லி பீச் பக்கத்தில்தான் கரை கடந்தது. இந்த மாதங்களில் வாடகை குறைவாகத் தெரியும். ஆனால் வெக்கை, மழை, ஜெல்லிமீன் மூன்றும் சேர்ந்து வரும். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று நிலையாக அடிக்கும். 15 முதல் 25 நாட் வேகம் சாதாரணம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். பழகியவர்களுக்கு இது அருமையான காலம். புதியவர்களோ 20 நாட்டுக்கு மேல் போனால் பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினில்தான் போவார்கள். ஜூன், ஜூலையில் தண்ணீரும் குளிரும், நம் குழந்தைகள் பத்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள்.

முதல் முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. காற்று தணிந்திருக்கும், தண்ணீர் சூடேறத் தொடங்கியிருக்கும், செப்டம்பர் வரை கூனல் திமிங்கிலங்களும் கண்ணில் படும். திமிங்கிலத்தைக் கண்டால் துரத்தாதீர்கள். விட்சண்டே பகுதியில் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம்.

2. யார் ஓட்டப்போகிறார்கள்?

உரிமம் தேவையில்லை என்றால் அனுபவம் தேவையில்லை என்று அர்த்தமில்லை. முன்பு என்ன படகு ஓட்டினீர்கள் என்று நிறுவனங்கள் எழுதிக் கேட்கும். உள்ளதை எழுதுங்கள். எந்தப் படகு, எத்தனை மணி நேரம் பயிற்சி, எந்தப் பகுதிக்கு அனுமதி என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேராவது வேண்டும். நங்கூரம் போடும்போது ஒருவர் சுக்கானில், இன்னொருவர் முன்னணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்க வேண்டியிருக்கும். முன்னே நிற்பவர் கத்துவது எஞ்சின் சத்தத்தில் பின்னே கேட்காது. எனவே நிறுத்து, முன்னே, பின்னே, விடு என்ற நான்குக்கும் கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்கிடையே படகில் வரும் சண்டையில் பாதி இதனால் குறையும், உண்மையாகவே சொல்கிறேன்.

ஒருவருக்கும் அனுபவம் இல்லையா? முதல் நாளோ முதல் இரண்டு நாளோ ஒரு வழிகாட்டியைக் கூடவே அமர்த்திக்கொள்ளலாம். அந்தச் செலவில் கை வைக்காதீர்கள். வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

3. படகு

தேர்வு இரண்டில் ஒன்று. ஒற்றை உடல் படகு வாடகை குறைவு, பாயில் ஓட்ட இன்பமாக இருக்கும், ஆனால் காற்றில் சாயும். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான், நம் கட்டுமரத்தின் பெயரைக் கொண்டது. சாயாது, இடம் அதிகம், ஆழம் குறைந்த இடத்திலும் மிதக்கும். வயதான அம்மா அப்பாவோ சின்னக் குழந்தைகளோ வந்தால் கேட்டமரான்தான். சாய்ந்த படகில் மாமியாரைச் சமையலறைக்கு இறங்கச் சொல்வது முடியாத காரியம்.

எட்டுப் பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால் ஆறு பேருக்கு எடுங்கள். சாப்பாட்டு மேசையை மடக்கி விரிக்கும் படுக்கையையும் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சேதம் வந்தால் நாம் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும், பலத்த காற்றால் அவர்களே புறப்பட விடாவிட்டால் பணம் என்ன ஆகும், எந்த எல்லைக்குள் ஓட்டலாம். பெரும்பாலான வாடகைப் படகுகளுக்கு வெளிப்புறப் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போக அனுமதி இல்லை. அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தனியாக ஒரு நாள் சுற்றுலாப் படகில் போய் வரலாம்.

4. விமானம் அதற்குப் பிறகு

படகு கிடைத்த தேதி உறுதியானதும் விமானச் சீட்டு எடுங்கள். தரைப்பக்கம் இறங்குவதென்றால் ப்ராசர்பைன் விமான நிலையம், தீவிலேயே இறங்குவதென்றால் ஹாமில்டன் தீவு. உங்கள் படகு எந்தத் துறையிலிருந்து புறப்படுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் கடல் இருக்கிறது.

முந்தின நாளே வந்து ஒரு இரவு தங்குங்கள். விளக்க வகுப்பு காலையிலேயே தொடங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதே நாள் காலை விமானத்தில் வந்தது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். வகுப்பு முடியும்போது பிற்பகல் மூன்று மணி, புறப்பட அனுமதி மறுநாள்தான் கிடைத்தது. ஐந்து நாளில் ஒன்று துறையிலேயே போனது.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் 600 வகை விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு மின்னணு அனுமதி உண்டு.

5. ஒவ்வொரு நாளையும் இரவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வாடகைப் படகுகள் இருட்டில் ஓடக்கூடாது. பிற்பகல் நான்கு மணிக்குள் நங்கூரம் போட்டிருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான விதி. அதற்குக் காரணம் உண்டு. வெயில் சாய்ந்துவிட்டால் தண்ணீருக்கடியில் இருக்கும் பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் பழுப்புத் திட்டாகத் தெரிந்த பாறை, நாலரை மணிக்கு வெறும் வெள்ளிப் பளபளப்பாகிவிடும்.

ஆகவே முதல் கேள்வி ‘இன்று எங்கே போகலாம்’ அல்ல, ‘இன்று ராத்திரி வீசப்போகும் காற்றுக்கு எந்தக் குடா மறைவு’. அதைக் குறித்துவிட்டு, அங்கே மூன்று மணிக்குச் சேர எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், வழியில் எங்கே நின்று குளிக்கலாம் என்று பின்னோக்கி வாருங்கள். வேகத்தை மணிக்கு 5 கடல் மைல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

தென்கிழக்குக் காற்றுக்கு மறைவான இடங்கள்: ஹூக் தீவின் வடபக்கம் பட்டர்ஃபிளை பே, ஹேமன் தீவின் மேற்கில் ப்ளூ பெர்ல் பே, விட்சண்டே தீவின் மேற்கில் சிட் ஹார்பர். முதல் இரண்டிலும் பவளம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காற்று வடக்கே திரும்பினால் பட்டர்ஃபிளை பேயில் நிற்கவே கூடாது, அலை நேராக உள்ளே வரும். சிட் ஹார்பரில் தூங்கலாம், இறங்கிக் குளிக்கக்கூடாது. 2018இல் செப்டம்பரிலும் நவம்பரிலும் அங்கே சுறாத் தாக்குதல்கள் நடந்து ஒருவர் இறந்தார். தண்ணீர் அமைதியாகத் தெரிகிறதே என்று யாரும் இறங்க வேண்டாம்.

முதல் இரவுக்கு என் பரிந்துரை நாரா இன்லெட். ஹூக் தீவின் தென்புறம் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்வாங்கிய நீர்வழி. ஏர்லி பீச்சிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். பெரும்பாலான காற்றுக்குப் பயமில்லை. கரையில் இறங்கிக் கொஞ்சம் ஏறினால் இங்கே வாழ்ந்த ங்காரோ மக்களின் குகை ஓவியங்களைப் பார்க்கலாம். 9,000 ஆண்டுகளாக மனிதர்கள் புழங்கிய இடம், தொடாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

வைட்ஹேவன் கடற்கரையை எல்லோரும் முதல் நாளே கேட்பார்கள். 7 கிலோமீட்டர் வெள்ளை மணல், கேட்பது நியாயம்தான். ஆனால் அது விட்சண்டே தீவின் கிழக்குப் பக்கம், திறந்த கடலை ஒட்டியது. தென்கோடியில் தென்கிழக்குக் காற்றுக்கு ஓரளவு மறைவு இருந்தாலும் அலை வளைந்து வந்து இரவு முழுக்கப் படகைத் தாலாட்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காற்று தணிந்த ஒரு நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள். காற்று தணியவில்லையென்றால் போகாதீர்கள்.

வானிலைக்கு ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் மெக்காய் கடற்கரை முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள். அதில் 20 நாட் என்று போட்டால் அது சராசரி. வீச்சு அதைவிட 40 சதவீதம் கூடலாம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். 20ஐ 28 என்று படித்துப் பழகுங்கள்.

6. கடல் ஏற்றமும் வற்றமும்

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது. நம் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். இங்கே மூன்று மீட்டருக்கு மேலும் போகும். ஆறு மணி நேரத்தில் ஒரு மாடி உயரத் தண்ணீர் வருகிறது, அல்லது போகிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. தினசரி காலண்டர் பார்க்கும் வீடுகளுக்கு இது எளிது: தேதி நம் கையில் இருந்தால் அஷ்டமியை நடுவில் வைத்துப் பயணத்தைப் போடுங்கள். பிறகு ஷூட் ஹார்பருக்கான ஓத அட்டவணையை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்குப் பின்னால் கைபேசி சிக்னல் நம்பிக்கையில்லை.

இங்கே ஏற்ற நீரோட்டம் தெற்கு நோக்கியும் வற்ற நீரோட்டம் வடக்கு நோக்கியும் ஓடும். தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது தண்ணீர் தெற்கே ஓடினால் இரண்டும் மோதி, அலை செங்குத்தாக எழும். அதே காற்றில் நீர் வடக்கே ஓடும் வேளையில் கடல் எவ்வளவோ படிந்திருக்கும். ஹூக் பாஸேஜ், சால்வே பாஸ் என்ற இரண்டு குறுகிய கால்வாய்களையும் நீரோட்டம் நின்று திரும்பும் அந்த அரை மணி நேரத்தில்தான் கடக்க வேண்டும்.

வைட்ஹேவனின் வடகோடியில் இருக்கும் ஹில் இன்லெட்டில் எல்லோரும் தவறு செய்கிறார்கள். வெள்ளை மணலும் நீல நீரும் சுழித்துக் கிடக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி நீர் வற்றியிருக்கும்போதுதான் தெரியும். ஆனால் அங்கே போக டங் பே என்ற குடாவில், கரைக்குப் போக வைத்திருக்கும் சின்னப் படகான டிங்கியை விட்டு இறங்கி நடக்க வேண்டும், வற்றிய நேரத்தில் டிங்கி கரையை நெருங்கவே முடியாது, பாறை தட்டும். வற்றம் முடிந்து பாதி ஏறிய நேரத்தில் இறங்குங்கள். மணல் திட்டு இன்னும் தெரியும், நீங்கள் திரும்பும்போது நீர் கூடியிருக்குமே தவிரக் குறையாது. இறங்கும் நீரில் கரைக்குப் போன ஒரு குடும்பம், திரும்பி வந்தபோது டிங்கிக்கும் தண்ணீருக்கும் நடுவே நீண்ட மணல்வெளியைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. கையில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

7. சாப்பாடு, தண்ணீர், மின்சாரம்

சமையல் சாமானை ஏர்லி பீச்சை ஒட்டிய கேனன்வேல் பேரங்காடிகளில் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதையும் கொண்டுவராதீர்கள். பொடி, ஊறுகாய் இருந்தால் விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். மறைத்தால் அபராதம் பெரிது.

முதல் இரவுச் சாப்பாடு கரையிலேயே தயாராக இருக்க வேண்டும். அன்றைக்கு யாருக்கும் சமைக்கத் தெம்பு இருக்காது. புளிசாதமோ எலுமிச்சை சாதமோ போதும். ஒரு சின்னக் குக்கர் எடுத்துப்போனால் பெரிய உதவி, மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடினாலும் கொதிநீர் சிந்தாது. எண்ணெயில் பொரிப்பது மட்டும் வேண்டாம்.

தொட்டித் தண்ணீர் தீர்ந்துபோவது முக்கியமாகக் குளிப்பதால்தான். கடலில் குளித்துவிட்டு ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுவது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். குடிக்கத் தனியாக, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்.

குளிர்பெட்டிக்காகக் காலையும் மாலையும் எஞ்சினை ஓட்டி பேட்டரி ஏற்றச் சொல்வார்கள். அமைதியைக் கெடுக்கிறதே என்று தள்ளிப்போட்டால் மறுநாள் பால் திரிந்திருக்கும், நங்கூரம் தூக்கும் மோட்டாரும் திணறும். கழிவறைக்குள் உடம்பிலிருந்து வராத எதையும் போடக்கூடாது. அடைத்துக்கொண்டால் கையால்தான் எடுக்க வேண்டும்.

குமட்டல் மாத்திரையைப் புறப்படும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. வயிறு புரட்டுகிறவரைக் கீழே படுக்க வைக்காதீர்கள். மேலே உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்கட்டும்.

8. ஜெல்லிமீன்

ஆபத்தான பருவம் நவம்பர் முதல் மே வரை என்பார்கள், ஆனால் நகம் அளவே இருக்கும் இருகாண்ட்ஜி வகை ஆண்டு முழுவதும் இருக்கலாம். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவரும் உடல் முழுக்க மூடும் மெல்லிய உடையைப் போடட்டும். படகிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கொட்டினால் தேய்க்காமல் வினிகரை முப்பது வினாடி ஊற்றுங்கள். உதவிக்குப் படகின் வி.எச்.எஃப் ரேடியோவில் 16ஆம் அலைவரிசை, போன் கிடைத்தால் அவசர எண் 000.

9. விளக்க வகுப்பு

மூன்று நான்கு மணி நேரம் நடக்கும், தகவல் கொட்டும். எல்லாவற்றையும் ஒருவரே நினைவில் வைக்க முடியாது. எஞ்சின், மின்சாரம் ஒருவர், பாய், கயிறு ஒருவர், கழிவறை, சமையலடுப்பு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு கைபேசியில் வீடியோ எடுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஆழமானி காட்டும் எண் நீர்மட்டத்திலிருந்தா, படகுக்கு அடியில் நீண்டிருக்கும் அடித்தண்டிலிருந்தா? ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு மாதிரி வைத்திருப்பார்கள். இது தெரியாமல் அடுத்த பகுதியில் வரும் கணக்கைப் போடவே முடியாது.

காலையும் மாலையும் ரேடியோவில் நிறுவனம் உங்களைக் கூப்பிடும். எங்கே இருக்கிறீர்கள், ராத்திரி எங்கே என்று சொல்ல வேண்டும். நமக்குச் சந்தேகம் கேட்கவும் அதுதான் நேரம். கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்களுக்கு அது அன்றாட வேலை.

10. நங்கூரம்

மாலை நான்கு மணி, ஆழம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி அப்போது நீர்மட்டம் 1.0, இரவு பத்து மணிக்கு 3.4. அதாவது இன்னும் 2.4 மீட்டர் ஏறும். 5 + 2.4 = 7.4. நீர்மட்டத்திலிருந்து முன்னணியத்தின் உயரம் 1.2, மொத்தம் 8.6. சங்கிலி இதைப் போல ஐந்து மடங்கு வேண்டும், அதாவது 43 மீட்டர் விட வேண்டும்.

புதியவர்கள் கண்ணில் படும் 5ஐ ஐந்தால் பெருக்கி 25 மீட்டர் விடுவார்கள். மாலையில் படகு அசையாமல் நிற்கும். பத்து மணிக்கு நீர் ஏறியதும் சங்கிலி மேல்நோக்கி இழுத்து நங்கூரத்தைப் பிடுங்கும். ஒருமுறை எனக்கே இது நடந்தது. விழித்துப் பார்த்தால் பக்கத்துப் படகின் விளக்கு மாலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அன்றிலிருந்து கணக்கைத் தாளில் எழுதாமல் நான் நங்கூரம் போடுவதில்லை.

மறுபக்கமும் பாருங்கள். நீர்மட்டம் 3.4 இருக்கும்போது 4 மீட்டர் ஆழத்தில் நின்றால், அது 0.6க்கு இறங்கும்போது ஆழம் 1.2 மீட்டர்தான் மிஞ்சும். ஒற்றை உடல் படகின் அடித்தண்டு 1.8 மீட்டர் கீழே போகும். படகு தரைதட்டும்.

சங்கிலி விட்டதும் எஞ்சினை மெதுவாகப் பின்னே ஓட்டி, நங்கூரம் மணலில் புதைந்ததா பாருங்கள். கரையில் ஒரு மரத்தையும் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் பிடித்து வையுங்கள், கோடு கலைந்தால் படகு நகர்கிறது. மணலில் மட்டும் போடுங்கள், பவளத்தில் ஒருபோதும் வேண்டாம். சில குடாக்களில் வெள்ளை நிறப் பிரமிடு வடிவ மிதவைகள் வரிசையாக இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கரைப்பக்கம் நங்கூரம் போடத் தடை, உள்ளே பவளம் இருக்கிறது.

பொது மிதவை காலியாக இருந்தால் அதில் கட்டிக்கொள்ளலாம், நங்கூரத்தைவிட நிம்மதி. எவ்வளவு நீளப் படகு, எத்தனை நாட் காற்றுவரை, எவ்வளவு நேரம் என்று அதிலேயே எழுதியிருக்கும். சில இரண்டு மணி நேரத்துக்கு மட்டும். மிதவை கிடைக்கும் என்று நம்பித் தாமதமாக வராதீர்கள்.

இரவில் டிங்கியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். பின்னால் மிதக்க விட்டால் நீரோட்டம் திரும்பும்போது படகை முட்டிக்கொண்டே இருக்கும், யாரும் தூங்க முடியாது.

11. கடைசி இரவு

கடைசி இரவைத் துறையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் வையுங்கள். படகைக் காலையிலேயே ஒப்படைக்க வேண்டும், எரிபொருள் நிரப்ப வரிசை இருக்கும். வைட்ஹேவனைக் கடைசி இரவுக்கு வைத்துவிட்டு, மறுநாள் விடியலில் எதிர்க்காற்றில் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏதாவது உடைந்திருந்தால், கீறல் விழுந்திருந்தால், ஒப்படைப்பதற்கு முந்தின நாளே ரேடியோவில் சொல்லிவிடுங்கள். அடுத்த குடும்பம் அதே படகில் அன்று மதியமே ஏறும், பழுதுபார்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும். திரும்பும் விமானம் மறுநாளாக இருக்கட்டும். கரையில் இறங்கிய பிறகும் தரை ஆடுவது போலிருக்கும், ஒரு இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.